மறுபடியும் கேட்கிறது

லியெபாயாவில் காற்றுக்கு லீவு கிடையாது.
கூரைத் தகடு, குடை, தபால்பெட்டியின் மூடி,
எது காணாமல் போனாலும்
இந்த ஊரில் காற்றின்மேல்தான் புகார்.

துறைமுக அலுவலகம், மூன்றாம் மாடி.
அதிகாலை மூன்றே கால்.
குந்தார்ஸ் ஓய்வுபெறும்போது விட்டுப்போன மடிக்கணினி,
கீலில் டேப் சுற்றியது,
இரண்டு ஜிபி நினைவகத்தில் இழுத்து இழுத்து மூச்சுவிடுவது.
கனமான எதையும் இது தாங்காது என்று
எலிப்படம் போட்ட அந்த மெலிந்த லினக்ஸை
அவர்தான் ஏற்றிவைத்தார்.

அலைதடுப்புச் சுவரின் கோடியில்
இரும்புப் பெட்டிக்குள் ஒரு சர்வர்
கடல்மட்டம் அளந்துகொண்டிருக்கிறது.
நான் அங்கே நடந்து போவதில்லை,
எஸ்எஸ்எச் வழியே எட்டிப்பார்ப்பேன்.
ஆறு வருடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்ட வாசல்
பிப்ரவரி அப்டேட்டுக்குப் பிறகு
தினமும் கேட்கிறது:
சாவிக்கான கடவுத்தொடர்?

ஏழு சொற்கள்.
யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை
யாரும் தேடாத இடத்தில் வைக்கலாமென்று
அன்றைக்கு வைத்தது.
கணினி ஞாபகம் வைத்துக்கொண்டது,
அந்தத் தைரியத்தில் நான் மறந்திருந்தேன்.

சேமிக்கவா என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
சேமித்தாயிற்று என்றது.
அடுத்த இரவு திரையைத் திறந்தால்
முன்பின் அறியாதவளைப் பார்க்கும் முகத்தோடு
மறுபடியும்.

அடித்தேன். ஏழு சொல்லும். கறுப்புப் புள்ளிகளாக.
பதினோரு இரவு அடித்தேன்.
நான்காவது சொல்லில் விரல் ஒவ்வொரு முறையும் தடுக்கியது,
தவறு, திரும்ப முயலவும்,
தவறு, திரும்ப முயலவும்.

சர்வரிடம் குறையில்லை. என் சாவியை அதற்குத் தெரியும்.
சாமி வரம் கொடுத்தாயிற்று,
நடுவில் நிற்கும் பூசாரி யார்?

பன்னிரண்டாம் இரவு, காபி ஆறிக் கிடக்க,
ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலை
மேலிருந்து கீழாக வாசித்தேன்.
முகவர்கள் இருவர்.
ஒருவரைச் சாவிக்கொத்து கூட்டிவந்திருக்கிறது,
மற்றவரை மேசைத்தளம் தானாகவே எழுப்பி உட்காரவைத்திருக்கிறது.
நான் கொடுத்ததெல்லாம் அவரிடம்.
விசாரிக்கப் போனதெல்லாம் இவரிடம்.
இவர் பாவம், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்:
எனக்கு ஒன்றும் தெரியாதம்மா.

ஓர் உறைக்கு ஒரு வாள் போதும்.
இவரை எழுப்ப வேண்டாமென்று
அமைப்பில் ஒரு வரி மாற்றினேன்.
வெளியேறி, உள்ளே வந்தேன்.
கேட்கவில்லை.
சர்வர் திறந்தது. எண்கள் ஓடின.
கைகள் விசைப்பலகைமேல்
வேலையில்லாமல் நின்றன.

பதினோரு இரவு ஒரு வாக்கியத்தைத் தட்டினால்
அது திரும்பிப் போய் மறதியில் படுக்காது போலிருக்கிறது.

நான்கே கால்.
சாவியின் கடவுத்தொடரை மாற்றும் கட்டளை.
பழையது? கடைசி முறையாக அடித்தேன்,
நான்காவது சொல்லிலும் தடுக்காமல்.
புதியது? ஏதோ காய்கறிப் பெயர்கள்.
மறுபடியும் புதியது? அதே காய்கறிகள்.

வயர்லெஸ்ஸில் பைலட் படகிலிருந்து ரைமோண்ட்ஸ்:
இல்வா, தண்ணீர் எவ்வளவு?
எழுபத்தெட்டு சென்டிமீட்டர் என்றேன். ஏறுகிறது.
குரல் ஏன் ஒருமாதிரி இருக்கிறது என்றார்.
காற்று என்றேன்.
வழக்கம்போல.

பழைய தொடர் இனி எந்தப் பூட்டையும் திறக்காது.
எனவே எழுதலாம்.
வெந்த்ஸ்பில்ஸில் தூங்கிக்கொண்டிருக்கும் உல்திஸுக்கு,
குடித்துவிட்டுப் புயலுக்குள் கிளம்ப நின்ற தம்பிக்கு,
விடிந்தபோது சுவரடியில் பலகைகளாகக் கிடந்த படகுக்காக
ஆறு வருடமாக வானிலையைத் திட்டுகிறவனுக்கு,
போனில், புள்ளிகளாக இல்லாமல் எழுத்தாகவே
அடித்தேன்:

அந்தப் படகுக் கயிற்றை அவிழ்த்தது காற்று அல்ல நான்.

அனுப்பவா என்று போன் கேட்கவில்லை.
அம்புக்குறி மட்டும் இருந்தது.