வயிற்றுப் புண்

காகிதப்பட்டறையில் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம்.
காபித் தட்டு வரிசையில் வந்து என் முன்னால் நின்றது.
வேண்டாம் என்றேன்.
டீ?
அதுவும் வேண்டாம்.
சம்பந்தியம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை
ஒருதரம் அளந்தாள்.
"ஒண்ணுமில்ல, அவளுக்கு வயித்துல புண்ணு"
அக்கா முந்திக்கொண்டாள்.

ஆறு வருஷமாக எனக்கு வயிற்றுப் புண்.
சபை மாறிவிட்டாள் என்று சொல்வதைவிட
அது சுலபம்.

நான்கு தலைமுறையாக நாங்கள் வேதக்காரர்கள்.
"இங்க இருந்த இயேசுவுக்கு என்னடி குறைச்சல்?"
அம்மா கேட்டது ஒரே தடவை.
பதில் என்னிடம் இருந்தது, நீளமாக.
அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.
நான் காம்புகளைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

என் பிள்ளை நான்கு நாள் இருந்தாள்.
ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை.
கல்லறைத் தோட்டத்தில் எங்கள் ஐயர்
புத்தகத்தைத் திறக்குமுன் தயங்கினார்.
ஒரு நிமிஷம்தான்.
நல்ல மனுஷர்.
அந்த ஒரு நிமிஷத்துக்குள்தான்
நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.

மறுமாசம் கதவைத் தட்டினார்கள்
வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக
இரண்டு பையன்கள்.
இருபது வயசுக்கு மூப்பர் என்று பட்டம்!
சிரிப்பு வந்தது, பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவை.
ராஜமுந்திரிக்காரன் தமிழை உடைத்து உடைத்துச் சொன்னான்:
அவளுக்கு ஞானஸ்நானம் தேவையே இல்லை அக்கா,
அவள் பத்திரமாக இருக்கிறாள்.
பிறகு கேட்டான்: பெயர் என்ன?

அதுவரை யாரும் கேட்கவில்லை.

காட்பாடியில் டயர் கடைக்கு மேலே வாடகை ஹால்.
பதினாலு பேர், மழை என்றால் ஒன்பது.
எங்களுக்குத் திராட்சரசம் கிடையாது.
இருபது லிட்டர் கேனிலிருந்து
கட்டைவிரல் அளவுக் கப்பில் தண்ணீர்.
பாலாற்றைத் தாண்டி வந்தவளுக்கு
அது சின்ன விஷயமில்லை.

சகோதரிகள் வகுப்பில் ஐந்து பேர்.
குடும்பம் நித்தியத்துக்கும் என்று ஜெமீமா பாடம் எடுப்பாள்,
ஆலயத்தில் முத்திரையிட வேண்டும், பாஸ்போர்ட் வேண்டும்,
புருஷனும் வேண்டும்.
என் புருஷன் கீழே டீக்கடையில்,
டிவிஎஸ்ஸில் சாய்ந்தபடி.
திரும்பும்போது அவன் முதுகிடம் கேட்டேன்,
நித்தியத்துக்கும் என்கூட இருப்பியா?
"இந்த ஒரு ஜென்மத்துக்கே டியூ கட்டி முடியல தீர்சா."
வண்டியை மட்டும் பள்ளத்தில் விடாமல் ஓட்டினான்.

நிச்சயம் முடிந்தது. பந்தியும் முடிந்தது.
பாத்திரம் கழுவுமிடத்தில் உட்கார்ந்திருந்தேன்.
அம்மா ஒரு டம்ளரைப் பக்கத்தில் வைத்தாள்.
"சுக்குத் தண்ணி. இதுக்கு உன் சபையில தடையில்லையே?"
இல்லம்மா.
போகாமல் நின்றாள்.
முந்தானையில் கை துடைத்தாள், ஈரமில்லாத கை.

"இருந்திருந்தா
இந்த ஜூனுக்கு ஒண்ணாங் கிளாஸ்" என்றாள்.

சுக்கு தொண்டையில் எரிந்தது.
இரண்டு பேரும் ஒரே டம்ளரில் குடித்தோம்.