எங்கோ

மார்ச் முப்பத்தொன்றுக்குள் கணக்கு முடிய வேண்டும்.
நிலவியல் துறையை மூடி ஆறு வருஷம்.
அதன் கற்களெல்லாம் விலங்கியலுக்கு வந்தன,
விலங்கியலுக்கு அட்டெண்டர் நான் ஒருத்தி.

ரிஜிஸ்டரில் ஒரு வரி:
மீன், கல், ஒன்று.
எடை என்ற கட்டம் காலி.

ஒட்டியிருந்த சீட்டின் பின்பாதியை
ராமபாணப் பூச்சி தின்றிருந்தது.
மிச்சம் 'எங்கோ'.
ஊர்ப்பேர் என்று நினைத்து
கிடைத்த இடம் என்ற கட்டத்தில்
அப்படியே எழுதிவிட்டேன்.
பிறகுதான் நாச்சியார் மேடம் சொன்னார்,
அது மீனின் பேராம். எங்கோடஸ்.
ஈட்டிப்பல் என்று அர்த்தமாம்.
அடித்துத் திருத்தினால்
ஆடிட்டர் விளக்கம் கேட்பார்.
விட்டுவிட்டேன்.

ஆய்வகத் தராசு இருநூறு கிராமுக்கு மேல் தாங்காது.
துண்டில் சுற்றிக் கரிமேட்டுக்குக் கொண்டுபோனேன்.

சந்தியாகு கையில் வாங்கியதும்
செவுளைத் தூக்கப் பார்த்தார்.
முப்பது வருஷக் கட்டைவிரல்
கல்லில் வழுக்கியது.
பிறகு பல்லைத் தடவினார்.
"சீலாவுக்கு இப்படி முன்பல்லு கிடையாதே.
வலையக் கிழிக்கிற சாதி. எப்பப் பிடிச்சது?"
ஏழு கோடி வருஷம் இருக்கும் என்றேன்.
"ஐஸ் பத்தாதே" என்றார்.

ஒரு கிலோ நூற்றைம்பது.
திருப்பித் தரும்முன்
பழக்கதோஷம்,
ஒரு கை தண்ணீர் அள்ளித் தெளித்துவிட்டார்.
மறுபடி நிறுத்தார். நூற்றெண்பது.

சாம்பல் கல் கறுத்தது.
அலமாரியில் இத்தனை நாள் நான் காணாத முட்கள்
வரிவரியாய் மேலே வந்தன.
துடுப்பு, அதில் ஒவ்வொரு கதிராக.
வால் பிளந்து விரிந்தது.
வாய் இன்னும் எதையோ துரத்திக்கொண்டிருந்தது.
பக்கத்துக் கடையில் கத்தி நின்றது.
பூனை மட்டும் நம்பவில்லை.

கடலே வராத ஊர் இது.
கொடியில் பறந்ததும்
அம்மன் கண்ணுக்கு ஒப்பு சொன்னதும்
உப்பறியாத ஆற்றுக் கயல்கள்.
யானைமலையோ
மீன் என்று ஒரு பிராணி வருமுன்பே
படுத்த கல்.

டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
ஜன்னலோரம், மத்தியான வெயில்.
பெரியாரில் வால் மறைந்தது.
மாட்டுத்தாவணியில் முள்.
ஒத்தக்கடையில் இறங்கும்போது
பழைய சாம்பல் கல்,
என் சேலையில் ஒரு சாண் ஈரம்.

ரிஜிஸ்டரைத் திறந்து
காலிக் கட்டத்தை நிரப்பினேன்:
ஒரு கிலோ நூற்றெண்பது கிராம்.
பக்கத்தில், சின்ன எழுத்தில்:
நனைந்திருந்தபோது.