மூக்குத்திட்டு

அணை இருக்கும் திசைக்கு மூக்கு,
காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வால்.
நடுவில் நாற்பத்தொரு மின் மீட்டர்.
இரண்டு மாதத்துக்கொருமுறை
தரைப்பாலத்தில் வண்டியை உருட்டிப் போய்
எண் குறித்து வருகிறேன்.

கிழக்குக் கரையைத் தென்பெண்ணை தின்கிறது.
தின்றதை மேற்கே மணலாய்க் கக்குகிறது.
திட்டு நகர்கிறது;
கதவு எண்கள் நகர்வதில்லை.

திம்மராயன் வீட்டு மாட்டுக்கொட்டகை
போன ஐப்பசியில் ஆற்றோடு போனது.
பட்டாவில் இன்னும் இருக்கிறது.
தண்ணீருக்கடியில் கிடக்கும் இரண்டேகால் சென்டுக்கு
வரி கட்டி, ரசீதை
சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறார்.

மேற்கே, புது மணலில்
ஷம்ஷாத் தகரம் வேய்ந்து தையல் மிஷின் போட்டிருக்கிறாள்.
அந்த இடம் எந்த வரைபடத்திலும் இல்லை.
கரண்ட் இருக்கிறது,
திம்மராயன் மீட்டரிலிருந்து.

பார்த்துவிட்டேன்.
முருங்கைக் கிளையில் ஒயர்,
அதன்மேல் காயப்போட்ட மாதிரி ஒரு துண்டு.
“என் நெலம்தானே சார் அங்க போய் ஒதுங்கியிருக்கு,
கரண்டும் போவட்டுமே” என்றார்.

எழுத வேண்டியதை எழுதவில்லை.
அதற்குள் சங்கு ஊதிவிட்டார்கள்.
நுரைதான் முதலில் வந்தது,
மேலே யாரோ ஊர்த்துணி முழுக்கத் துவைத்த மாதிரி.
பிறகு பாலத்தைக் காணோம்.

எதிர்க்கரையில் பால்கோவாக் கடை விளக்கு,
கிருஷ்ணகிரி வண்டியின் ஹாரன்,
என் வீட்டுத் தெருமுனை
எல்லாம் கல்லெறி தூரத்தில்.
அன்று இரவு
நாற்பத்தொரு வீட்டில் எந்த வீட்டிலும் சாப்பிடலாம் என்றார்கள்.

காலையில்
கிழக்குப் படியில் விட்ட செருப்பில் ஒன்றில்லை.
“மேக்கால பாருங்க சார்” என்றாள் ஷம்ஷாத்,
ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்.