புளியரையில் ஒரு செயப்பாட்டுவினை

இரண்டாம் ஷிப்டில் லாரி குறைந்தால்
அட்டை கிழிந்த கைடைப் பிரிப்பேன்.
கேள்வி நாற்பத்தொன்று: இது என்ன வகை வாக்கியம்?
வெளியே சாரல். தடுப்புக் கம்பியில் சொட்டுகிறது.

'சீட்டைக் காட்டு' கட்டளை.
'கொஞ்சம் காட்டுங்க அண்ணாச்சி' என்பதும் கட்டளைதானாம்,
குரலைத் தாழ்த்தினாலும் கைடு விடுவதில்லை.
'அய்யோ, தார்ப்பாய் போச்சே!' உணர்ச்சி.
வைக்கோல் லாரிக்காரர் சொல்லி முடிக்குமுன்
அது செங்கோட்டைக்குப் பாதி வழி போயிருக்கும்.

வினாதான் எனக்குச் சிரமம்.
ஆங்கிலத்தில் ஒன்று கேட்க வேண்டுமென்றால்
வினைச்சொல் எழுந்து எழுவாய்க்கு முன்னால் போய் உட்கார வேண்டும்.
நமக்கு ஒரு வால் போதும்: வந்தானா.
மலை ஏறி இறங்கினால் அதே வால்
வாயைக் குவித்துக்கொள்கிறது: வந்நோ.
ஆ, ஓ ஆவதற்கு
இதுவரை யாரும் பர்மிட் கேட்டதில்லை.

போன பரீட்சையில் ஓர் 'இஸ்' விட்டுப்போனது.
'மை ஃபாதர் டிரைவர்' என்று எழுதிவிட்டேன்.
தமிழில் அப்பாவுக்கும் டிரைவருக்கும் நடுவே
ஒன்றும் கிடையாது, அதனால்தான்.
ஆரியங்காவு சாவடி ரெஜிமோனுக்கு உண்டு.
'டிரைவர் ஆணு' என்பார். அவருக்கு அந்த மார்க் போகாது.

பத்தரைக்கு ஞானதுரை சார் தாளோடு வந்தார்.
"படிக்கிற பிள்ளைலா, சேர்மக்கனி,
இங்கிலீஷ மட்டும் பாத்துக் குடு.
காலைல கலெக்டர் ஆபீசுக்குப் போணும்."

'டூ லாரி வாஸ்' என்றிருந்தது. 'லாரீஸ் வேர்' ஆக்கினேன்.
'டிஸ்கஸ்டு அபவுட்': அபவுட்டை அடித்தேன்.
'சின்ஸ் த்ரீ டேஸ்': ஃபார்.
'பேட் ஸ்மெல் ஆர் கமிங்.'
ஊர் முழுக்க வீசினாலும் ஸ்மெல் ஒருமைதான்.

கடைசி வரி,
'வேஸ்ட் வாஸ் டம்ப்டு நியர் த டேங்க்.'
எழுவாய் இருக்கிறது. வாஸ் சரி. மூன்றாம் வடிவம் சரி.
முற்றுப்புள்ளிகூட வைத்திருக்கிறார்.
சிவப்பு மை தொட இடமே இல்லை.

"'பை' போட்டு ஒரு பேரு வரணும் சார்."
"வராட்டா தப்பா?"
தப்பில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:
செய்தவர் யாரென்று தெரியாவிட்டால் விட்டுவிடலாம்,
தேவைப்படாவிட்டாலும் விட்டுவிடலாம்.
தெரிந்தும் விடுவதற்கு
அந்தப் பக்கத்தில் எடுத்துக்காட்டு இல்லை.

சார் குடையோடு போய்விட்டார்.
ரிஜிஸ்டரைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
செவ்வாய், இரவு இரண்டு ஐந்து,
இரண்டு வண்டி, எண்களோடு, என் கையெழுத்தில்.
'உரம்தான்' என்றார்கள் அன்றைக்கு.
அது செய்தி வாக்கியம்.
உண்மையாக இருக்க வேண்டுமென்று
இலக்கணம் அதனிடம் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

கைடின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன்:
கம்பி தூக்கப்பட்டது.

பிழை ஒன்றுமில்லை.
அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்:
தூக்கினேன்.

ஹாரன் அடிக்கிறது. கோழி லாரி.