ஒட்டிலி

வரைபடம் மின்னஞ்சலில் வந்தது.
பழுப்புத் தாள். மூலையில் எண்ணெய்க் கறை.
கொக்கி கொக்கியாய் ஜெர்மன் கையெழுத்து,
எண்கள் மட்டும் நமக்குத் தெரிந்த எண்கள்:
உள்விட்டம் அறுபத்திரண்டு, நீளம் தொண்ணூறு.
டாலரன்ஸ் போட வேண்டிய இடத்தில்
ஒரே ஒரு சொல்.
'பொருந்த வேண்டும்' என்று அர்த்தமாம்.
டிரெஸ்டனிலிருந்து க்ரெச்மர் விளக்கினார்.

பதினோரு வருஷமாய் மைக்ரோமீட்டர் பிடிக்கிறேன்
அம்பத்தூர் எஸ்டேட்டில்.
கார் கம்பெனிக்குப் பத்து மைக்ரான்,
பம்ப் கம்பெனிக்கு இருபத்தைந்து.
பொருந்த வேண்டும் என்று மட்டும் சொன்னவர்கள்
இதுவரை
என் ஜாதகத்தை வாங்கிப் போனவர்கள்தான்.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸில் போனைச் சாய்த்து
அந்தக் கப்பலைப் பார்த்தோம்.
எல்பே ஆறு. இருபக்கமும் புல்.
விலாவுக்கு ஒன்றாய் இரண்டு சக்கரம்,
பலகை பலகையாய்த் தண்ணீரை மிதிக்கிறது.
பாலம் வந்தால் புகைபோக்கி மடங்கிக் குனிகிறது,
நிலை இடிக்கும் வீட்டுக்குள்
நெட்டை மாப்பிள்ளை நுழைவதுபோல்.
நடுத்தளத்தில் எஞ்சினைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.
பித்தளைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
ஐஸ்கிரீம் ஒழுக ஒழுக ஒரு பையன்
பிஸ்டனோடு சேர்ந்து தலையாட்டுகிறான்.

"வயசு?" என்றார் வேதமாணிக்கம், சி.என்.சி. ஆபரேட்டர்.
நூற்று முப்பத்தேழு.
"அதுல எது பழசு?"
கேட்டு எழுதினேன். பதில் நேர்மையாய் வந்தது:
பாய்லர் மூன்றாவது. அடித்தகடு இரண்டாவது.
துடுப்புப் பலகை வருஷத்துக்கு நாலைந்து மாறும்.
எஞ்சின் மட்டும் பிறந்த எஞ்சின்.
கப்பலின் பெயர் ஒட்டிலி.

ஒட்டு இலி.
தமிழில் ஒட்டுப்போடாதவள் என்று ஆகிறதே,
உடம்பெல்லாம் ஒட்டாய் இருக்கிறவளுக்கு
யார் வைத்த பெயர் என்று சிரித்தோம்.
இருபத்து நாலு ஒட்டு இங்கேயும் தயாரானது,
துடுப்புப் பலகைக்கான புஷ், கன்மெட்டலில்.
இருபத்தைந்தாவது
ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு கூடுதல்.
"பொருந்தத்தானே வேணும், பொருந்தும் மேடம்."
சிவப்பு பெயிண்ட் அடித்தேன்.
இப்போது என் மேசையில்
ரிப்போர்ட் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது.

பெட்டிக்கு ஆணி அடித்த அன்று இரவு மழை பிடித்தது.
கொரட்டூர் ஏரி நிரம்பி
நாலாம் நாள் எங்கள் கேட்டைத் தட்டியது.
லாரி வராது, தாமதமாகும் என்று எழுதினேன்.
பரவாயில்லை, இங்கே ஆறு வற்றிக் கிடக்கிறது,
ஆகஸ்டிலிருந்து ஒட்டிலியைக் கரையில் கட்டிப் போட்டிருக்கிறோம்,
கல்லெல்லாம் வெளியே தெரிகிறது என்றார் க்ரெச்மர்.
மிதக்க எவ்வளவு வேண்டும்?
ஆளேறாமல் என்றால் எழுபத்தாறு சென்டிமீட்டர்.

மாடிப்படியில் நின்று
ஒரு மீட்டர் ஸ்டீல் ரூலைத் தெருவுக்குள் இறக்கினேன்.
எண்பத்திரண்டு.

அங்கே ஆற்றுக்குத் தண்ணீர் இல்லை,
இங்கே தண்ணீருக்கு ஆறு இல்லை.
அளந்தபின் அதைச் சும்மா விட முடியவில்லை.
பாடி மேம்பாலத்தடியில் புகைபோக்கி குனிய,
எஸ்டேட் பஸ் ஸ்டாண்டில் ஒரு விசில் கொடுத்து,
நகராத பஸ்களுக்கு நடுவே
மிதக்கும் செருப்புகளையும் ஒரு கேஸ் சிலிண்டரையும்
மிதித்து ஒதுக்கியபடி
அவளே வருகிறாள்
சாமானை நேரில் வாங்கிக்கொள்ள.
வேதமாணிக்கம் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு
படியில் நிற்கிறார்,
இ-வே பில் எங்கே என்று கேட்கிறார்.

மே மாதம் இன்னொரு வீடியோ.
ஆறு திரும்பியிருந்தது. சக்கரம் சுற்றியது
மரக்கூட்டுக்குள், நுரை மட்டும் வெளியே.
நம்முடையது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.
வேதமாணிக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டார்
யாரோ லைனில் இருப்பதுபோல்.
"ஏதாவது கேட்குதா?"
"இல்லை."
"கேட்டாத்தான் தப்பு."

வெளியே கார் கம்பெனி லாட் இறங்கிக்கொண்டிருந்தது.
பத்து மைக்ரான்.