எண்பது கிராம்

"நான் பாவி" என்று
ராயபுரத்தில், சைக்கிள் கடை மாடி ஜெபக்கூடத்தில்
ஞாயிறுதோறும் சொல்கிறேன்.
இருநூறு பேரோடு சேர்ந்து சொன்னால் வலிப்பதில்லை,
ரேஷன் கார்டில் இருக்கிற முகவரி மாதிரி.

எண்பது கிராம் என்று சொல்ல வேண்டும்.
அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

காசிமேடு. விடிகாலை மூன்றரை.
என் மின்தராசு மேஜைக்கு அடியில் ஒரு பொத்தான்.
முழங்கால் லேசாகத் தொட்டால் போதும்,
கிலோவுக்கு எண்பது கிராம்
கடல் கொடுக்காத மீன்
சிவப்பு எண்களில் துள்ளும்.
பதினோரு வருஷம்.
ஜெபத்தில் மடங்குவதும் அதே முழங்கால்தான்.

என்னை நானே நிறுத்துப் பார்க்கலாமென்றால்
இருப்பது இந்த ஒரு தராசு.
"அவ்வளவு மோசமில்லடா நீ" என்றுதான் காட்டும்.

சலேத்தம்மா
கொருக்குப்பேட்டை கேட்டில் கூறு போட்டு விற்பவள்.
நெத்திலிக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்தாள்.
ஐஸ் லாரி பின்வாங்கும் சத்தத்துக்குள்
சொல்லிவிட்டேன்.
"தெரியும்பா" என்றாள்.
"வூட்டுக்குப் போயி நிறுத்துப் பாக்க மாட்டனா?"

சிகரெட் அட்டையின் பின்பக்கம்
கணக்கு எழுதி வைத்திருந்தேன்.
நாலு லட்சத்துக்குக் கிட்டே வந்தது.
மாசம் இரண்டாயிரமாகத் தருகிறேன் என்றேன்.
அட்டையை வாங்கி
ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டிவிட்டு
நாலாய் மடித்து
ஆடிக்கொண்டிருந்த அன்னக்கூடைக்கு முட்டுக் கொடுத்தாள்.
"இது தீராது நைனா. நீ செத்தாலும் தீராது.
போன தவக்காலத்துலயே உட்டுட்டேன்."
அப்புறமும் ஏன் என்னிடமே வந்தாய் என்று கேட்டேன்.
சும்மாட்டைச் சரிசெய்தாள்.

அது இனிப்பாக இல்லை.
திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிமிர்ந்திருப்பேன்.
கடனாக இருந்திருந்தால்
ஒருநாள் கட்டி முடித்து
சரியாப் போச்சு என்று துண்டை உதறியிருப்பேன்.
கையில் கொடுக்க ஒன்றுமில்லாமல் நின்றேன்,
மீன்தண்ணீர் செருப்புக்குள் ஏற.

அன்றைக்கே ஒயரைப் பிடுங்கிப் போட்டேன்.
மறுநாள் முதல் கூடை தட்டில் ஏறியதும்
என்னைக் கேளாமலே
முழங்கால் போய் வெறுங்கட்டையைத் தொட்டது.
இன்றைக்கும் தொடுகிறது.

சலேத்தம்மா வருகிறாள்.
கூடையைத் தட்டில் வைக்கிறாள்.
எண்களைப் பார்க்காமல்
கடல் பக்கம் திரும்பிக்கொண்டு
கொட்டாவி விடுகிறாள்.