நேரம் சரியில்லை

காற்று மறுபடி கம்பியை அறுத்திருந்தது.
மின்சாரம் வந்ததும் கணினியைப் போட்டேன்.
2003, ஜனவரி ஒன்று, நள்ளிரவு என்றது.
இது ஜூலை.
புந்தா அரேனாஸில் காலை ஒன்பது தாண்டியும்
விடியாத ஜூலை.

வங்கியின் பக்கம் திறக்க மறுத்தது:
சான்றிதழ் செல்லும் காலம் இன்னும் வரவில்லையாம்.
வங்கியே பிறக்கவில்லை,
என் கடன் மட்டும்
எப்படியோ வளர்ந்து ஆளாகி நிற்கிறது.

பகலில் நான் படகுத்துறை ஜன்னலுக்குப் பின்னால்
போர்வெனிருக்குச் சீட்டுக் கிழிப்பவள்.
போர்வெனிர் என்றால் வருங்காலம்.
எட்டு மணி நேரம் வருங்காலத்துக்குச் சீட்டு விற்றுவிட்டு
வீட்டுக்கு வந்து
இருபது வருஷம் பின்னால் போய் உட்காருகிறேன்.

குற்றம் என்னுடையதுதான்.
போன கோடையில் ஒரு வெறி.
தொடங்க நாற்பத்தொரு விநாடி எதற்கு என்று
பின்னால் ஓடும் சேவைகளை நிறுத்திக்கொண்டே போனேன்.
அச்சுப்பொறியைத் தேடும் சேவை: அச்சுப்பொறியே இல்லை, போ.
புளூடூத்: போ.
பெயர் புரியாத ஒன்று: நீயும் கூடவே போ.
இருபத்தாறு விநாடி!
பக்கத்து வீட்டு லிசாந்த்ரோவைக் கூப்பிட்டு
அணைத்து, போட்டு, மறுபடி அணைத்துக் காட்டினேன்.
அவன் மாத்தேயை உறிஞ்சிவிட்டுக் கேட்டான்:
மிச்சம் பிடித்த பதினைந்து விநாடியில்
என்ன சமைக்கப் போகிறாய், எதெல்மிரா?

பெயர் புரியாத அதுதான்
வெளியே போய் நேரம் கேட்டு வாங்கி வந்துகொண்டிருந்தது.

மூடியைக் கழற்றினேன்.
நாய்முடி, தூசு, நடுவே
பத்து பெசோ அகலத்தில் செத்துப்போன மின்கலம்.
ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை.
குளியலறை எடைக்கருவியிலிருந்து ஒன்றைப் பிடுங்கிப் போட்டேன்.
இனி என் எடை
எனக்குக்கூடத் தெரியாது.

நேரம் வந்தது, ஒரு மணி குறைவாக.
குளிர்காலத்தில் நாங்கள்
சாந்தியாகோவோடு கடிகாரத்தைத் திருப்புவதை விட்டு
வருஷங்கள் ஆகிவிட்டன. இதற்கு யாரும் சொல்லவில்லை.
இவ்வளவு பழைய லினக்ஸுக்குப் புதுப்பித்தல் அனுப்புவதை
நிறுத்திவிட்டார்கள்.
பட்டியலில் எங்கள் ஊரே இல்லை.
புவனோஸ் ஐரிஸில் இதே மணிதான், அதைத் தேர்ந்தேன்.

லிசாந்த்ரோ திரையைப் பார்த்தான்.
மாத்தேயைக் கீழே வைத்தான்.
எழுபத்தெட்டில், பீகிள் கால்வாயில்,
பீரங்கிக்கு எதிரே பீரங்கியாக நின்ற கப்பலில்
உருளைக்கிழங்கு உரித்தவன் அவன்.
இதற்காகவா உரித்தேன் என்றான்.

மீண்டும் பட்டியலில் இறங்கினோம்.
கயேன்.
அது எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.
அதனோடு நமக்குச் சண்டை உண்டா?
நினைவு தெரிந்து இல்லை.
சரி, போடு.

அவன் போனபின் கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன்.
இந்தக் குளிர்காலத்தில் சேமித்ததெல்லாம்
ஒரே நள்ளிரவில் பிறந்திருந்தன:
எரிவாயுக் கணக்கு, நாயின் கடைசிப் படம்,
மூன்று ராஜினாமாக் கடிதங்கள்.
ஒன்று நன்றி சொல்கிறது.
ஒன்று, ஜன்னலடி ஹீட்டரை மூன்று வருஷமாகச்
சரி செய்யாததைச் சொல்கிறது, இன்னும் சிலதையும்.
ஒன்றில் 'மதிப்பிற்குரிய' மட்டும்.
எதை முதலில் எழுதினேன்?
தணிந்துகொண்டே வந்தேனா,
சூடேறிக்கொண்டே போனேனா?
எந்திரத்துக்குத் தெரியவில்லை. சத்தியமாக
எனக்கும்.

கோப்பின் தேதியை மாற்ற ஒரு சின்னக் கட்டளை உண்டு.
ஹீட்டர் கடிதத்துக்கு
இன்றைய தேதியைக் கொடுத்தேன்.
இப்போது அதுதான் கடைசி.

அச்சுப்பொறி இல்லை. கையால் படியெடுத்தேன்,
இரண்டு இடத்தில் இன்னும் காரமாக.
நிறுத்திய சேவையையும் ஓடவிட்டேன்.
ஒருமுறை அணைத்துப் போட்டேன்:
இருபத்தொன்பது விநாடி. பரவாயில்லை.

கோட்டை மாட்டிக்கொண்டேன். வெளியே இன்னும் இருட்டு.
மேலாளர் ஒன்பதரைக்கு வருவார்.
கயேனில் இப்போது
மணி ஒன்பது பத்து.